டிக்டாக் தடை, 2020 ஜூன் 29: சிறு வணிகர்கள் இழந்தது எதை?

2020 ஜூன் 29 இரவு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் டிக்டாக் உள்ளிட்ட, சீனத் தொடர்புள்ள 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் ஊறு விளைவிப்பவை என்ற காரணத்தைச் சொல்லி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் அந்த உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் செயலிக் கடைகளில் டிக்டாக் இல்லை. ஏற்கெனவே கைபேசியில் வைத்திருந்தவர்களுக்கும் அன்று மாலைக்குள் காணொளிகள் ஓடாமல் நின்றன. அரசு உத்தரவுக்குக் கட்டுப்படுகிறோம் என்ற அறிவிப்பு மட்டும் திரையில் தெரிந்தது. ஏறத்தாழ 20 கோடி இந்தியர்கள் பயன்படுத்திய செயலி ஒரு நாளுக்குள் இல்லாமல் போனது.

அந்தத் தடை சரியா, தவறா என்பது இங்கே என் கேள்வி இல்லை. அந்தச் செயலியை நம்பிப் பொருள் விற்றவர்கள் உண்மையில் எதை இழந்தார்கள், எதை இழக்காமல் காப்பாற்றியிருக்க முடியும் என்பதே கேள்வி. ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் இதைக் கிளறக் காரணம் இருக்கிறது. இன்று ரீல்ஸையும் ஷார்ட்ஸையும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் நிற்கும் தரையும் அன்றைய தரையைப் போன்றதுதான். அதில் பெரும்பாலோர் விளம்பர நிறுவனத்தை அமர்த்த வசதி இல்லாதவர்கள். சேலை விற்கும் பெண்கள், ஊறுகாய் போடும் குடும்பங்கள், நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள், மரச்செக்கு எண்ணெய் ஆட்டுபவர்கள். அடி விழுந்தால் தாங்கிக்கொள்ள இவர்களிடம் கையிருப்பு இருப்பதில்லை.

தடை வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 25 முதல் நாடே முடங்கியிருந்தது. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளில் ஜூன் 19 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. மதுரையிலும் அதே மாதக் கடைசியில் முழு ஊரடங்கு நடப்பில் இருந்தது. கடைக் கதவைத் திறக்க முடியாத வணிகருக்கு வாடிக்கையாளரைப் பார்க்கக் கைபேசித் திரைதான் மிச்சம். அந்த வாரத்தில்தான் அந்தத் திரையில் ஒரு பெரிய சன்னல் மூடப்பட்டது.

முதல் எச்சரிக்கை மதுரையில்

திடீரென்று வந்தது என்று பலர் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இருந்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. 2019 பிப்ரவரியிலேயே அப்போதைய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் மணிகண்டன் டிக்டாக்கைத் தடை செய்ய நடவடிக்கை எடுக்கப்படும் என்று சட்டப்பேரவையில் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தச் செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்க மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவிட்டது. குழந்தைகள் ஆபாசத்துக்கும் அத்துமீறலுக்கும் ஆளாகிறார்கள் என்ற கவலை அந்த உத்தரவின் மையத்தில் இருந்தது. ஏப்ரல் நடுவில் கூகுளும் ஆப்பிளும் இந்தியாவில் செயலியைத் தங்கள் கடைகளிலிருந்து எடுத்துவிட்டன. நாள் ஒன்றுக்கு 5 லட்சம் டாலர் நட்டம் ஆகிறது என்று தாய் நிறுவனமான பைட்டான்ஸ் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஏப்ரல் 24 அன்று மதுரைக் கிளையே தடையை நீக்கியது.

அந்த நாட்களில் புதியவர்கள் மட்டுமே உள்ளே வர முடியவில்லை. ஏற்கெனவே செயலியை வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் வழக்கம்போல் ஓடியது. அதனாலேயே, விற்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தங்களுக்கு விடப்பட்ட எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். ஓர் உத்தரவு வந்தால் கடைத்தெருவே இல்லாமல் போகும் என்பது 2019 ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர்களை வேறு வழியில் தொடர்புகொள்ள ஏற்பாடு செய்துகொள்ள அடுத்து 14 மாதங்கள் கிடைத்தன. தடை நீங்கிய நிம்மதியில் அந்த அவகாசம் கரைந்துபோனது.

அந்தச் செயலி கொடுத்தது

டிக்டாக் ஏன் அப்படிப் பிடித்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இழப்பின் தன்மை விளங்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையத் தரவு மலிந்து, சிற்றூர்களிலும் காணொளி பார்ப்பது அன்றாடப் பழக்கமானது. 2018 ஆகஸ்டில் மியூசிகலி என்ற பழைய செயலி டிக்டாக்கோடு இணைக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் டிக்டாக் 200 கோடிப் பதிவிறக்கங்களைத் தாண்டியபோது, அதில் 61 கோடிக்கு மேல் இந்தியாவில் நடந்தவை என்று சென்சர் டவர் நிறுவனம் கணக்கிட்டது. தமிழ் உட்பட 14 இந்திய மொழிகளில் அது கிடைத்தது. எழுதத் தயங்குகிறவர்களுக்கும் பேசவும் நடிக்கவும் தெரிந்திருந்தது.

ஆனால் வணிகருக்கு முக்கியமான காரணம் வேறு. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினால், முதலில் அதை விரும்புகிறவர்களைச் சேர்க்க வேண்டும். அவர்களுக்குத்தான் நம் பதிவு போகும். பிறகு அதுவும் சுருங்கியது. ஓகில்வி விளம்பர நிறுவனம் ஆராய்ந்த பக்கங்களில், பணம் கட்டாத பதிவு சென்றடைந்தவர்களின் பங்கு 2013 அக்டோபரில் 12 விழுக்காடாக இருந்தது. 2014 பிப்ரவரியில் அது 6 விழுக்காடு. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். காசு கட்டி விளம்பரம் செய்யாத கடைக்கு அங்கே இடம் குறைந்துகொண்டே வந்தது.

டிக்டாக் இதைத் தலைகீழாக்கியது. செயலியைத் திறந்ததும் வருவது நாம் பின்தொடர்கிறவர்களின் பதிவுகள் அல்ல. நமக்குப் பிடிக்கும் என்று கணினி கணித்தவை. எந்தக் காணொளியை முழுதும் பார்த்தோம், எதைத் திரும்பப் பார்த்தோம், எதை உடனே தள்ளிவிட்டோம் என்பதை வைத்து அடுத்ததை அது தேர்ந்தெடுத்தது. அதனால் நேற்று கணக்குத் தொடங்கிய, ஒருவர்கூடப் பின்தொடராத ஒரு கடைக்காரரின் காணொளியும் சில சமயம் லட்சக்கணக்கானவர்களிடம் போனது. பணம் இல்லாதவருக்கு இதைவிட நியாயமான கதவு அதற்கு முன் திறந்ததில்லை. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். அந்தச் செயலியைப் பொழுதுபோக்குக் குப்பை என்று ஒதுக்கியவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கதவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பார்த்தவர் நம்மைத் தேடி வரவில்லை. கணினி நம்மை அவர் முன் கொண்டுபோய் வைத்தது. விரலைத் தள்ளினால் அடுத்த முகம். பிடித்திருந்தால் பின்தொடர் பொத்தானை அழுத்துவார். ஆனால் நாளை அவர் செயலியைத் திறக்கும்போது நம் காணொளி வருமா என்பதை அந்தப் பொத்தான் தீர்மானிக்கவில்லை. ஐந்து லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று காட்டிய எண், ஐந்து லட்சம் பேர் என்றோ ஒருநாள் நம்மைப் பார்த்து ரசித்தார்கள் என்பதற்கான பதிவு. நம் ஊர் என்ன, பெயர் என்ன, எப்படிக் கூப்பிடலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பின்தொடர்வோர் இல்லாமலேயே கூட்டத்தை அடைய வழிசெய்த அதே அமைப்பு, அந்தக் கூட்டத்தை நம்மோடு ஒட்டவிடவும் இல்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

தடை நாளில் நடந்தது

தடைப் பட்டியலில் டிக்டாக் தனியாக இல்லை. லைக்கீ, விகோ வீடியோ, குவாய், ஹலோ ஆகியவையும் இருந்தன. ஹலோவும் பைட்டான்ஸ் நிறுவனத்துடையதுதான். இந்திய மொழிகளில் படமும் துணுக்கும் பகிர்வதற்கென்றே வந்தது. ஒரு வணிகர் எச்சரிக்கையாக இருந்து, டிக்டாக்கை மட்டும் நம்பாமல் லைக்கீயிலும் ஹலோவிலும் கணக்கு வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே இரவில் போயிருக்கும். செயலிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆபத்து குறையும் என்ற கணக்கு அன்று பொய்த்தது. அவை யாருடையவை, எந்த நாட்டுச் சட்டத்துக்கும் அரசியலுக்கும் ஆட்பட்டவை என்று பார்க்காமல் பரவி நிற்பதில் பயன் இல்லை.

எடுத்துக்கொண்டு போக என்ன இருந்தது? பின்தொடர்வோர் பட்டியலை வேறு செயலிக்கு மாற்ற வழி இல்லை. கருத்துப் பகுதியில் விலை கேட்டவர்கள், பாராட்டியவர்கள், குறை சொன்னவர்கள் எல்லாருடைய சொற்களும் செயலியோடு போயின. காணொளிகளைக் கைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு அவை மிஞ்சின. ஆனால் அவற்றில் டிக்டாக்கின் முத்திரை பதிந்திருந்தது. வேறு செயலியின் முத்திரை தெரியும் காணொளிகளை ரீல்ஸில் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று 2021 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் சொல்லிவிட்டது. பழைய உழைப்பைப் புதிய இடத்தில் கொட்டி மீண்டும் எழலாம் என்ற வழியும் அதோடு குறுகியது.

ஓரளவு தப்பித்தவர்கள் யார் என்று பார்த்தால், காணொளியின் ஓரத்தில் வாட்ஸ்அப் எண்ணை எழுதிவைத்தவர்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பில்தான் என்று தொடக்கத்திலிருந்தே சொன்னவர்களிடம், வாங்கியவரின் பெயரும் முகவரியும் எண்ணும் இருந்தன. கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்தியவர்களிடமும் இருந்தன. ஐந்து லட்சம் பேர் போனாலும், வாங்கிய ஐந்நூறு பேர் போகவில்லை. பத்துப் பேரில் ஒருவர் மறுபடி வாங்கினாலே அந்த மாத வாடகையைக் கட்டிவிடும் தொழிலுக்கு அந்த ஐந்நூறு பேர்தான் உயிர்.

வெற்றிடத்தை நிரப்பியவர்கள்

தடை வந்து ஒன்பதாம் நாள், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைச் சோதனை முறையில் தொடங்கியது. பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனிக்கு அடுத்து இந்தியாவில்தான் அது வந்தது. அப்போது 15 விநாடி அளவு. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் முதல் சோதனையும் இந்தியாவிலேயே நடந்தது. இந்திய நிறுவனங்களும் ஓடி வந்தன. ஷேர்சாட் மோஜைக் கொண்டுவந்தது, டெய்லிஹன்ட் ஜோஷைக் கொண்டுவந்தது, எம்எக்ஸ் டகாடக் வந்தது. சிங்காரி, ரொபோசோ, மித்ரோன் ஆகியவை திடீரென்று பேசப்பட்டன. சில மாதங்கள் எந்தச் செயலி வெல்லும் என்று யாருக்கும் தெரியவில்லை. 2022 பிப்ரவரியில் டகாடக் மோஜோடு இணைந்தது. விளம்பரப் பணமும் புகழ் பெற்ற முகங்களும் பெரும்பாலும் ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் போய்ச் சேர்ந்தன.

சிறு வணிகரின் பார்வையில் இந்த இடமாற்றம் எளிதாக இல்லை. டிக்டாக்கில் வீட்டு அடுப்படி பின்னணியே போதுமானதாக இருந்தது. இன்ஸ்டாகிராம் முதலில் அழகான படங்களுக்கும் நகர்ப்புற ரசனைக்கும் பழகிய இடம். அங்கே போய் நின்றவர்களுக்கு வெளிச்சம், ஒப்பனை, எடிட்டிங் எல்லாம் தேவைப்படுவதாகத் தோன்றியது. கிராமத்து முகங்கள் அங்கே இயல்பாகக் கலக்கக் காலம் பிடித்தது.

இதே காலத்தில் வேறொரு பாதையும் தெரிந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. பத்து நிமிடத்துக்கு மேலாக ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைப்பதை மக்கள் தேடிப்போய்ப் பார்த்தார்கள். தேடி வருகிறவருக்கும் வழியில் தற்செயலாகத் தட்டுப்படுகிறவருக்கும் உள்ள வேறுபாடு விற்பனையில் மிகப் பெரியது. முன்னவருக்கு நம் பெயர் தெரியும்.

2021 அக்டோபர் 4

டிக்டாக் தடையால் பாடம் கற்றவர்கள் என்ன செய்தார்கள்? இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ், ஃபேஸ்புக்கில் பக்கம், வாட்ஸ்அப்பில் ஆர்டர் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். 15 மாதங்களுக்குப் பிறகு, 2021 அக்டோபர் 4 இரவு 9 மணிக்குச் சற்றுப் பின், மூன்றும் ஒன்றாக நின்றன. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. துணி வியாபாரிகள் பலர் நேரலையில் சேலை காட்டும் நேரம் அது.

இந்த முறை அரசும் இல்லை, போரும் இல்லை. மூன்றையும் நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைப் பராமரிக்கும் வழக்கமான வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்த இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட தவறைப் பிடித்து நிறுத்த வேண்டிய தணிக்கை நிரலில் பிழை இருந்ததால் அது பிடிக்கவில்லை. தரவு மையங்களோடு பேச முடியாமல் போனதும், நிறுவனத்தின், தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் பெயர் சேவையகங்கள் தங்கள் இருப்பிடத்தை இணையத்துக்கு அறிவிப்பதைத் தாங்களே நிறுத்திக்கொண்டன. உள்ளே நுழைந்து சரிசெய்யும் கருவிகளும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்ததால், பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. சேவை திரும்பச் சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது.

மூன்று கடை என்று நினைத்தது ஒரே வீட்டின் மூன்று வாசல்களாக இருந்தது. ஆறு மணி நேரம் என்பதால் நாடு அதை மறந்துவிட்டது. நான் அதை டிக்டாக் தடையின் இரண்டாம் பாகமாகவே பார்க்கிறேன். ஒருவரிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்திருப்பது அங்கேயும் அப்படியே இருந்தது. முடக்கத்துக்கான காரணமும் அளவும்தான் மாறியிருந்தன.

விலை ஏறிய சிபாரிசு

இடமாற்றத்தின் இன்னொரு விளைவு, ஏற்கெனவே கூட்டம் சேர்த்துவைத்திருக்கும் முகங்களிடம் போய்ப் பணம் கொடுத்துப் பேசச் சொல்லும் வழக்கம் பெருகியது. உணவகத்துக்கு அழைத்துச் சாப்பாடு போடுவது, புடவையை இலவசமாக அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும். கட்டுப்பாடும் பின்னாலேயே வந்தது. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறைப்படி, 2021 ஜூன் 14 முதல் பணமோ பொருளோ பெற்றுப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும். 2022 ஜூலை 1 முதல் வருமான வரிச் சட்டத்தின் 194ஆர் பிரிவின்படி, ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள இலவசப் பொருளை ஒருவர் தன்னிடமே வைத்துக்கொண்டால், கொடுத்தவர் 10 விழுக்காடு வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது; ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி ரூபாயைத் தாண்டாத தனிநபர் வணிகருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இந்த விதிகளை நான் வரவேற்கிறேன். வாங்குபவரை ஏமாற்றாமல் விற்கிற சிறு கடைக்கு இவை பாதுகாப்பு.

அமெரிக்காவில் அதே கதை, அவகாசத்தோடு

2024 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது: பைட்டான்ஸ் டிக்டாக்கை விற்க வேண்டும், இல்லையென்றால் 2025 ஜனவரி 19 முதல் தடை. இந்திய வணிகர்களுக்கு ஒரே இரவு. அமெரிக்கர்களுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள். தடை வந்தால் ஒரே மாதத்தில் அங்குள்ள சிறு தொழில்கள் 100 கோடி டாலருக்கு மேல் வருவாய் இழக்கும் என்று டிக்டாக் நிறுவனம் நீதிமன்றத்தில் சொன்னது. தன் வழக்குக்காகச் சொன்ன எண் என்பதால் அதைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 18ஆம் தேதி இரவு செயலி இருண்டது, மறுநாளே திரும்பியது.

அந்த இடைவெளிக்குச் சில நாட்கள் முன்பு, பயனர்கள் கூட்டமாக ஷியாவ்ஹோங்ஷு என்ற இன்னொரு சீனச் செயலிக்குப் போய் அதை அமெரிக்கப் பதிவிறக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏற்றினார்கள். பார்வையாளர்களுக்கு அது எதிர்ப்பாகவும் வேடிக்கையாகவும் இருந்திருக்கலாம். விற்பவர் அதே வழியில் போனால், 2020இல் டிக்டாக்கிலிருந்து லைக்கீக்குப் பரவியவரின் நிலைதான் அவருக்கும்.

கையில் வைத்திருக்க வேண்டியது

காணொளிச் செயலிகளை விட்டு விலகச் சொல்ல மாட்டேன். புதிய வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்கு இன்றும் அவற்றைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அங்கே கண்டுகொண்டவரை அன்றே நம் பக்கம் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு ஆர்டரிலும் பெயர், எண், ஊர், வாங்கிய பொருள், தேதி ஆகிய ஐந்தும் ஒரு கணக்குப் புத்தகத்திலோ கணினித் தாளிலோ ஏறிவிட வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குள் மட்டும் அவை இருந்தால் போதாது. அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் பட்டியலும் அதோடு முடங்கும். பெரிய அளவில் செய்தி அனுப்பும் நிறுவனங்களுக்கு 2025 ஜூலை முதல் வாட்ஸ்அப் ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாகக் கட்டணம் வாங்குகிறது. இலவசமாகத் தொடங்கிய வழிகள் எப்போது விலைப்பட்டியலை நீட்டும் என்பதும் நம் கையில் இல்லை. எண் நம்மிடம் இருந்தால், நேரில் அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், நாளை வரும் வேறொரு செயலிக்கும் அழைத்துச் செல்லலாம்.

எண்ணைச் சேர்ப்பதிலும் நேர்மை வேண்டும். எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய எண்களுக்குச் செய்தி கொட்டுவது வாடிக்கையாளரைத் துரத்திவிடும். 2023இல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. பொட்டலத்துக்குள் ஒரு சிறு சீட்டு வைத்து, புதுச் சரக்கு வரும்போது சொல்லலாமா என்று கேட்டாலே போதும். வேண்டாம் என்பவரின் எண்ணை நீக்கிவிடலாம்.

2025 ஆகஸ்டில் டிக்டாக்கின் இணையதளம் இந்தியாவில் சிலருக்குத் திறந்தது. தடை நீங்கிவிட்டதாகச் செய்தி பரவியது. அப்படி எந்த உத்தரவும் பிறப்பிக்கவில்லை என்று மத்திய அரசு தரப்பு உடனே மறுத்தது. செயலி எந்தக் கடையிலும் இல்லை. 2020இல் பிறப்பித்து 2021 ஜனவரியில் நிரந்தரமாக்கிய தடை அப்படியே நடப்பில் இருந்தது.